முள்கம்பிக்கு இந்தப் பக்கம்

கோடையில், முதல் நாள்,
நாலு லிட்டர் பால் குடுவையில்
பீட்ரூட் வேகவைத்த தண்ணீரை நிரப்பினேன்.
தானியக் கொட்டகைக்குப் பின்னால் மண்மேட்டில் வைத்து
ஒரே ஒரு முறை சுட்டேன்.
குடுவை எழும்பி, வயிறு கிழிந்து, விழுந்தது.
"போ சொலோமியா,
அந்தத் தண்ணியை எடுத்துத் திரும்ப இதுக்குள்ள ஊத்து."
சும்மா சொன்னேன்.
அவள் போய்
சிவந்த சேற்றை இரண்டு கையாலும் அள்ளி
கால்மணி நேரம் முயன்றாள்.
நிறுத்து என்று நான் சொல்லவில்லை.

அவள் அம்மாவுக்கு, என் மகளுக்கு,
சட்டையில் இருந்த கறை மட்டும்தான் தெரியும்.

பிறகு காதடைப்பான், கண்ணாடி,
விசைக்கு வெளியே நீட்டிய விரல்.
வேலிக்கட்டைகள் மேல் வரிசையாகத் தகர டப்பாக்கள்.
பத்துக்கு ஏழு அடிப்பாள்.
தக்காளி டப்பாவை மட்டும் சுடமாட்டாள்,
அதில் ஒரு பெண்ணின் படம் இருக்கிறதாம்.
காகிதத்தைக் கிழித்துக் கொடுத்தேன்.
அப்போதும் மாட்டேன் என்றாள்.

அக்டோபரில் அவளுக்குப் பன்னிரண்டு வயதும் ஒன்பது நாளும்.
தேர்ச்சி பெற்ற அட்டை சட்டைப்பையில்,
இரண்டு பேருக்கும் ஆரஞ்சு அங்கி,
ஆளுக்கொரு சின்னத் துப்பாக்கி.
சஸ்காட்செவன் முழுக்க உறைபனி;
அறுத்த கோதுமைத் தாள் காலடியில் நொறுங்கியது.

ஹவ்ரிலுக்கின் மாட்டு வேலி.
நாற்பது வருடமாகத் தாண்டுகிற வேலி.
இடது முழங்கால் காலையிலிருந்தே
வானிலை அறிக்கை வாசித்துக்கொண்டிருந்தது.
ஒரு காலை அந்தப் பக்கம் போட்டேன்.

"கிதோ."

திரும்பினேன். அவளுடைய துப்பாக்கி
போல்ட் திறந்தபடி, வாய் அப்பால் பார்க்க,
கம்பிக்கு அடியில் ஒழுங்காகப் படுத்திருந்தது.
"திறந்து காட்டு."
"காலிதான்."
"திறந்து காட்டு, கிதோ."

எழுபத்தோரு வயசு,
கால்சட்டையைக் கவ்விய முள்,
கம்பிக்கு அந்தப் பக்கம் பாதி, இந்தப் பக்கம் பாதி.
திறந்தேன்.
பித்தளை ஒன்று துள்ளி
பனியில் சத்தமில்லாமல் விழுந்தது.
பேரீச்சங்கொட்டை அளவுதான்.

அவள் திட்டவில்லை. அழவும் இல்லை.
மூக்கு ஒழுகியது, கையுறையில் துடைத்துக்கொண்டாள்.
குனிந்து அதை எடுத்துப் பையில் போட்டாள்.

குழல் அப்போது எந்தப் பக்கம் பார்த்தது?
இன்றுவரை கணக்குப் போடுகிறேன்.
மேற்கு என்று வைத்துக்கொள்கிறேன்.
அவள் நின்றது தென்மேற்கு.

அதற்குப் பிறகு என் துப்பாக்கி காலியாகவே வந்தது.
குட்டையோரம் ரொட்டியும் பூண்டுத் தொத்திறைச்சியும் தின்றோம்.
டீயில் அவளுக்கு நாலு கரண்டி சர்க்கரை,
வீட்டில் இரண்டுதான்.
வடக்கிலிருந்து வெள்ளை வாத்துகள் வந்தன,
வாரச்சந்தையே இறக்கை முளைத்துக் கிளம்பியதுபோல இரைச்சல்.
தாள்மேல் மல்லாந்து எண்ணினாள்,
முன்னூறில் தவறவிட்டு ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள்.
என்னையும் படுக்கச் சொன்னாள். படுத்தேன்.
எழுந்திரிக்கத்தான் அவள் கை தேவைப்பட்டது.

திரும்பும் வழியில்
புதரிலிருந்து ஒரு காட்டுக்கோழி இறங்கி
செருப்பைத் தொலைத்தவன்போல
எங்கள் முன்னால் நடந்தது.
அவள் தோளில் துப்பாக்கி ஏறியது.
நான் மூச்சு விடவில்லை.
இறக்கினாள்.
"பின்னால மாடு."
எனக்குத் தெரியவில்லை. கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன்,
தூரத்தில் பழுப்பாக ஒன்று, இரண்டு.
கோழி அவசரமே படவில்லை.
அதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

இரவு மகள் போன் செய்தாள்.
என்ன கிடைத்தது என்று கேட்டிருப்பாள்.
"ஒண்ணு கெடச்சுது," என்றாள் சொலோமியா.
"ரொம்பச் சின்னது."
பிறகு போனை என்னிடம் நீட்டினாள்.

சொன்னேன்.
குடுவையிலிருந்து தொடங்கி எல்லாம்.
மறுமுனையில் மகள் நெடுநேரம் பேசவில்லை.
அவள் வீட்டில் ஏதோ ஒரு குழாய்
மூடாமல் ஓடிக்கொண்டிருந்தது.